பதினொரு நிமிஷம் மிச்சம்

தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்ட ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மூன்று வருஷமாகப் பெற்ற மகளின் பெயரை வாயால் சொல்லாத திருமலைக்குமார், தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் வயர் இழுத்து ஓய்வுபெற்ற அதே கையால், கூரியரில் வந்த கறுப்புப் பெட்டி ஒன்றைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு வாய்க்கால்பாலம் தெருவில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லாமல் போயிற்று.

பெட்டியை வாங்கச் சொன்னது அவர் மனைவி உலகம்மாள்தான், அதுதான் அவளுக்கு ஆற்றாமை. கேபிள் வயரை அதன் முதுகில் செருகி, இன்னொரு வயரால் வீட்டு மோடத்தோடு கோத்துவிட்டால், வீட்டில் இருக்கிற டிவி, போன், லேப்டாப் எதில் வேண்டுமானாலும் சேனல் வரும், நேரம் குறித்து வைத்தால் ஆள் இல்லாதபோதும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் என்று அவரே என்றைக்கோ வீடியோ பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மத்தியானம் ஒன்றரை மணித் தொடர் ஓடுகிற நேரத்தில் அவள் நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தத் தொடரைப் பிடித்து வைத்துத் தாருங்கள், நாலு மணிக்கு வந்து ரெண்டு பேருமாக உட்கார்ந்து பார்ப்போம் என்று அவள் கேட்டபோது அவருக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டு ஒரு மிஷின் கேட்டது அதுதான் முதல் தடவை.

தொடர் ஒன்றும் பிரமாதமில்லை. அதில் ஒருத்தி இரண்டரை வருஷமாக நிறைமாதமாகவே இருந்தாள். உலகம்மாளுக்கு வேண்டியிருந்தது தொடர் இல்லை, தொடருக்கு நடுவில் வருகிற ஒரு விளம்பரம். இட்லிப்பொடி விளம்பரம், முப்பது விநாடி. அதில் பச்சைப் பட்டு கட்டி, தலைநிறைய பிச்சிப்பூ வைத்து, ஆவி பறக்கிற தோசைத் தட்டை ஒரு அப்பாவிடம் நீட்டிச் சிரிக்கிற பெண் செண்பகப்ரியா. உலகம்மாளும் திருமலைக்குமாரும் பெற்ற ஒரே பிள்ளை.

செண்பா பேங்க் பரீட்சைக்குப் படிக்கமாட்டேன், நடிக்கத்தான் போவேன் என்று சென்னைக்குக் கிளம்பிய அன்றைக்கு, இவர் தெருமுனை வாய்க்கால் பாலம்வரைக்கும் ஆட்டோ பின்னாலேயே போய், ஊரே கேட்க ஒரு வார்த்தை சொன்னார். ஊருக்கு முன்னால மூஞ்சியக் காட்டிப் பிழைக்கப் போறவ, இந்தப் பாலத்தத் தாண்டித் தெருவுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. உலகம்மாள் மட்டும் பள்ளிக்கூடத்து அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று மகளோடு போன் பேசுவாள். விளம்பரத்தையும் போனிலேயே ஐம்பது தடவை பார்த்துவிட்டாள். பார்க்கவேண்டிய ஆள் அவர்தான். போனை நீட்டினால் கண்ணாடியைக் காணோம் என்பார். சனிக்கிழமை டிவி முன்னால் உட்காரவைத்தால், தொடரில் இடைவேளை விழுகிற சமயம் பார்த்து மோட்டாரைப் பார்க்க எழுந்து போய்விடுவார். அப்படி என்னதான் அந்த மோட்டாரில் பார்ப்பாரோ, ஊர்க்கோயில் உலகம்மனுக்கே வெளிச்சம்.

ஆனால் அவர் கையால் பூட்டிய பொருள் என்றால் கண்கொட்டாமல் பார்ப்பார். வாசல் மணி மாட்டின அன்றைக்கு நாள் முழுக்க நின்று அமுக்கிக்கொண்டிருந்தார். கேட்டில் கேமரா வைத்தபோது வெறும் கேட்டைச் சாயங்காலம்வரை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டியையும் அவரே பூட்டட்டும், பூட்டினால் உட்காருவார், உட்கார்ந்தால் விளம்பரம் வரும், வந்தால் ஒரு தடவையாவது பிள்ளை முகத்தைப் பார்ப்பார். உலகம்மாள் போட்ட கணக்கு இவ்வளவுதான். பார்த்தபிறகு திட்டினாலும் திட்டட்டும், ஒரு தடவை பார்க்கட்டும் என்றிருந்தாள்.

பெட்டி பூட்ட நாலு நாள் ஆயிற்று. கூடவே வந்த புத்தகத்தை மேஜைக்கால் ஆட்டத்துக்கு மடித்து வைத்துவிட்டார். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்க ஒரு சாமான், பிரித்ததில் படம் மங்கினால் தூக்கிவிட இன்னொரு சாமான், அதற்கு ஒரு பிளக், பிளக்குக்கு இடமில்லாமல் மிக்ஸியைப் பிடுங்கி வைத்து, சட்னி அம்மியில் அரைபட்டது. சேனல் தேடச் சொன்னால் பெட்டி முப்பத்தேழு சதவீதம்வரை போய் நின்றுகொள்ளும். அவர் மறுபடி முதலிலிருந்து தேடச் சொல்வார். முப்பத்தேழில் மறுபடி நிற்கும். உலகம்மாள் அந்த எண்ணைக் கனவில் கண்டாள். கேபிள்காரர் சூசையைக் கூப்பிட்டால் அரைமணி நேர வேலை. எனக்கே வயர் சொல்லித் தருவானா அவன் என்று கூப்பிட விடவில்லை. கடைசியில் சூசையே பைக்கில் போகிறபோது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, பூட்டுப் போட்ட சேனல் எதுவும் இதுல வராது, நான் திறந்து விடுறது பதினொண்ணுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியும் அதற்கப்புறம் அடங்கிப் பதினொன்றைக் கண்டுபிடித்தது. உலகம்மாளின் தொடர் வருகிற சேனல் அதில் இருந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் காப்பியும் முறுக்குமாக இரண்டுபேரும் உட்கார்ந்தார்கள். அவர் சட்டை மாற்றியிருந்தார். தொடர் ஓடியது. மாமியார்க்காரி இடிச் சத்தத்தோடு மூன்று தடவை தலையைத் திருப்பினாள், உலகம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தால், யாரோ ஒரு பெரிய மனுஷன் வாய்நிறைய மென்றபடி ‘எங்க வீட்டுப் பொண்ணு கைப்பக்குவம்னா சும்மாவா’ என்று இரண்டே விநாடி சொல்லி மறைந்தான், மறுகணமே மாமியார்க்காரி அடுத்த சீனில் அடுத்த சேலையில் நின்றாள்.

விளம்பரம் எங்கே என்று கேட்டாள். அவர் பொறியாளர் மாதிரிக் காலை ஆட்டினார். "வெட்டியாச்சு. பெட்டியே கண்டுபிடிச்சு வெட்டிரும். அரைமணி நேரத் தொடரு, பத்தொம்பதே நிமிஷம். பதினொரு நிமிஷம் மிச்சம் பாத்துக்கோ."

அந்தப் பதினொரு நிமிஷத்தை வைத்து என்ன கோட்டை கட்டப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் மோட்டாரைப் பார்க்க எழுந்து போனார். போகிற முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத முகம்தான், ஆனால் நன்றாகப் பழகி வைத்த முகம். அந்த ஆள் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

கால்மணி நேரத்தில் கேட்டில் ஆள் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, தோளில் சிமெண்ட் மூட்டை, அந்தச் சாரலிலும் நனையாத கிராப்பு. என்ன வேண்டும் என்று உலகம்மாள் கேட்டதற்கு, இது வெறும் சுவர் இல்லை, மூன்று தலைமுறையின் நம்பிக்கை என்று சொல்லிக் காம்பவுண்டுச் சுவரை ஓங்கித் தட்டினார். திருமலைக்குமார் சொந்தமாகப் பூசிய சுவர், ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. யார் வந்து என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டு அனுப்புவது சத்துணவுக் கூடத்தில் அவளுக்குப் பழகிப்போன காரியம், ஆகையால் கேட்டாள். அவர் சொல்லி முடித்து, மூட்டையை உயர்த்திக் காட்டி, சிரித்து, எதிர்வீட்டு ராமலட்சுமியின் தையல்கடைப் பக்கம் நடந்து போய்க் காணாமல் போனார். அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்: நுரை பொங்கும் வாளியோடு ஒருத்தி, சேற்றில் புரண்ட இரண்டு பிள்ளைகள், மூட்டுவலித் தைலம் ஏந்திய பெரியவர், கோட்டு போட்ட ஒரு இன்சூரன்ஸ்காரர், உடம்பெல்லாம் நகையாகப் பன்னிரண்டு பெண்கள். பெட்டி வெட்டின விளம்பரமெல்லாம் வேறு போக்கிடம் இல்லாமல் வெட்டின வீட்டு வாசலுக்கு வந்திருந்தது.

முதல் நாளே தெருவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை யாராவது முகம் பார்த்துக் கேட்டுவிட்டால் போய்விடுவார்கள். நடுவில் முகத்தைத் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் போவார்கள், அது பார்த்ததில் பாதி அளவுதான் இருக்கும். இதெல்லாம் எப்படி நடக்கும், எதனால் நடக்கிறது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி ராமலட்சுமிதான் சரியாகச் சொன்னாள். "கூப்பிட்டு உக்கார வச்சுட்டு இலை போடாம விட்டா யாரும் நிக்கத்தான் செய்வாங்க மதினி. எங்க வீட்டுக் கல்யாணத்துல சின்னமாமாவப் பந்திக்குக் கூப்பிடலன்னு பந்தக்கால்ல சாஞ்சு ரெண்டு மணி நேரம் நிக்கலையா?" எல்லாருக்கும் அந்தச் சின்னமாமா ஞாபகத்துக்கு வந்தார். மனத்தாங்கலோடு வந்து நிற்கிறவர்களை எப்படிச் சமாதானப்படுத்தி அனுப்புவது என்று அந்தத் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெருநலச் சங்கத் தலைவர் வேலாயுதம் சார் மறுநாளே வீட்டுக்கு வீடு முறை எழுதிப் போர்டில் ஒட்டினார். செவ்வாயும் புதனும் அதே ஆட்கள், முந்தின நாள் வந்ததே நினைவில்லாத முகத்தோடு, நாலரைக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெற்றிலைத் தட்டு வைத்து, டிவியில் வந்தால் ரிமோட்டைத் தேடுகிற அதே ஜனங்கள், கன்னத்தில் கைவைத்து விளம்பரம் கேட்டார்கள். நகைப் பெண்கள் ஆடி முடிக்கும்வரை மினிபஸ் நின்று போனது, கண்டக்டரும் இறங்கிப் பார்த்தார். பற்பசைக்காரி வேலாயுதம் சாரின் வாய்க்கு நேரே கண்ணாடியைப் பிடித்துவிட, அவர் அன்றிலிருந்து ராத்திரியும் பல் தேய்க்கிறார் என்று அவர் வீட்டம்மா சந்தோஷப்பட்டாள். இன்சூரன்ஸ்காரரை மட்டும் கேட்க ஆளில்லை. நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டால் என்று அவர் ஆரம்பித்ததுமே கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்ப, அவர் ஆறு தடவை முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் சூசைதான் கண்ணை மூடாமல் பல்லைக் கடித்துக் கேட்டு அனுப்பிவைத்தார்.

உலகம்மாளுக்கோ இவர்களில் ஒருத்தர்மேலும் கண் இல்லை. மூன்று நாளும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசிவரை தேடினாள். தைலம் வந்தது, சோப்பு வந்தது, தோசைத் தட்டு வரவில்லை. விளம்பரத்திலாவது வீடு வந்து சேரமாட்டாளா என்று நினைத்தாள், அந்த ஆத்திரத்தில் அவர் காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். அவர் கவனிக்கவே இல்லை. பெட்டியின் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை ராமலட்சுமி கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, மதினி, சொல்லலாமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிச்சேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கா என்றாள். தெரு முழுக்கத் தெரியும். அண்ணாச்சி மனசு நோகுமே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

உலகம்மாள் செருப்பு போடாமல் ஓடினாள். வாய்க்கால் பாலத்தின் அந்தக் கரையில், பாலத்தில் ஒரு விரல்கூடப் படாமல், பச்சைப் பட்டும் பிச்சிப்பூவுமாகச் செண்பா நின்றாள். கையில் தட்டு, தட்டில் இரண்டு தோசை, நல்லெண்ணெய் விட்ட பொடி. நாலு நாளாக ஆவி பறந்துகொண்டே இருந்தது. உலகம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். மகள் தட்டை நீட்டி, ‘அப்பா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு, பதிலுக்காகப் புருவத்தை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். மற்றவர்களைப்போல் இவளையும் ஆதியோடந்தம் கண்ணெடுக்காமல் பார்த்தாயிற்று. போகவில்லை. பெற்றவள் நான் மழையில் நிற்கிறேன், என்னைப் பார்த்தும் அப்பா என்கிறாளே என்று உலகம்மாளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

காரணத்தைச் சூசை கண்டுபிடித்தார். பெட்டிக்கு வெட்டுகிற கணக்கில் இரண்டு விநாடி பிசகு. பெண்ணை வெட்டின பெட்டி, அவளுக்குப் பதில் சொல்லுகிற அப்பாவை வெட்டாமல் தொடரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கேட்டவ இங்கன நிக்கா, பதில் உங்க பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு, யாராவது அந்த வார்த்தையச் சொன்னாப் போயிருவா என்றார். சொல்வதற்கு என்ன, தெருவில் எல்லாருக்கும் அந்த வார்த்தை மனப்பாடம். வேலாயுதம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். உலகம்மாள் குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"யாரும் சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொல்ல வேண்டிய ஆளு வீட்டுக்குள்ள இருக்காரு."

அதற்கப்புறம் ஒரு தெருவே ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்து அடக்கிக்கொண்டிருந்தது. அது சாமானியப்பட்ட காரியமில்லை. தோசை சாப்பிடும்போதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மறந்தாற்போல் சொல்லிவிடுவோமோ என்று சில வீட்டில் தோசையே சுடவில்லை. மினிபஸ் கண்டக்டர் பாலத்தில் வண்டி திரும்புகிறபோது விசிலை வாயில் வைத்துக்கொண்டார். சூசை நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார், ராமலட்சுமி பட்டுச் சேலைக் கரை நனையாமல் ஊசி குத்தித் தூக்கிவிட்டாள், குடைபிடிக்க முறை எழுதி வேலாயுதம் சார் புதுத் தாள் ஒட்டினார். மற்ற விளம்பரக்காரர்களும் பாலத்தைக் கடக்கும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள், அது எவ்வளவு தூரம் உண்மையோ தெரியாது.

உலகம்மாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். பிள்ளை பாலத்தில் நிற்கிறாள், நீங்கள் போட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அவர், எங்கே பிசகு என்று தெரிந்துவிட்டது, இரண்டு விநாடியைச் சரிசெய்தால் அந்த ஆளும் வெளியே வந்துவிடுவான், அவன் பதிலை அவன் சொல்லுவான், அதோடு முடிந்தது என்றார். உலகம்மாளுக்குத் தலையே சுற்றியது. "நாலு வார்த்தைங்க. உங்க வாய்ல இருந்து நாலு வார்த்தை வரதுக்கு மிஷின் ரிப்பேர் பண்ணணுமா?" அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். போனை நீட்டினால் காணாமல் போகிற அதே கண்ணாடி.

ஏழு நாள் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை இரண்டு விநாடி கூட்டினார், மாமியார்க்காரியின் தலை வெட்டுப்பட்டு, அந்த அம்மாள் ஒரு நாள் முழுக்கக் கேட்டில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் மூன்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமை குறைத்தார், விளம்பரம் ஒன்றும் வெட்டுப்படாமல் தொடர் முழுக்க வெட்டுப்பட்டு, நிறைமாதக்காரியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று தெருப் பெண்கள் கூடி யோசிக்கும்படி ஆயிற்று. அன்றைக்கு அந்த இட்லிப்பொடி விளம்பரம் டிவியில் முழுசாக வந்திருக்கும். அவர் திரும்பி உட்கார்ந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை அணைத்துவைத்தும் பார்த்தாயிற்று, நின்றவள் நின்றபடிதான். மார்க்கெட்டுக்குப் பாலம் வழியாகப் போகாமல் பின்னால் வாழைத் தோட்டத்தைச் சுற்றி, சேறும் சகதியுமாகப் போய்வந்தார். சேற்றுக் காலோடு வந்து, இன்றைக்கு வழி கொஞ்சம் நீளம் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று உலகம்மாள் சென்னைக்குப் பேசியபோது, அம்மா, ஒரு வாரமா வலதுகை மரத்துப் போவுது, எதையோ ஏந்திக்கிட்டே இருக்கிற மாதிரி வலிக்கு, நேத்து ஷூட்டிங்ல ஒரு டம்ளர் தூக்க முடியல, வேற ஆளப் பாத்துக்கிட்டாங்க என்றாள் செண்பா. உலகம்மாள் அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வீட்டுக்கு வந்து அழாமல், கத்தாமல், நடந்ததை அப்படியே அவரிடம் சொன்னாள். திருப்புளியைப் பிடித்திருந்த அவர் கை நின்றது. "அதுக்கு நான் என்ன செய்ய? டாக்டரப் போய்ப் பாக்கச் சொல்லு அவள" என்றார். மூன்று வருஷத்தில் அவர் ‘அவள்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பதுகூட அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது, அந்த நேரம் அவர் தலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டால் என்ன என்றுதான் தோன்றியது. செவ்வாய்க்கிழமை அவளே பாலத்தில் நின்று அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். பாதியில் அழுகை வந்து, சொல்லாமல் திரும்பினாள். நான் சொல்லி அனுப்பினால் இந்த மனுஷன் சாகும்வரை சொல்லமாட்டார் என்று ராமலட்சுமியிடம் சொன்னாள். ராமலட்சுமியும் ஒரு நாள், ரெண்டு நாள் பார்க்கலாம் மதினி என்றாள்.

வியாழக்கிழமை அவர் ஜெயித்துவிட்டார். சரியாக ஒன்றேமுக்கால் விநாடி. நாலு மணிக்குத் தொடர் ஓடியது, மாமியார்க்காரி மூன்று தடவை திரும்பினாள், வாய்நிறைய மென்ற பெரிய மனுஷன் இல்லை, சுத்தமாக அடுத்த சீன். பாத்தியா என்று திருமலைக்குமார் தொடையில் தட்டிக்கொண்டார். உலகம்மாள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலரைக்கு வரிசையில் முதல் ஆளாக அந்தப் பெரிய மனுஷன் கேட்டில் நின்றார். மடிப்புக் கலையாத கதர் சட்டை, காதோரம் அளவாக நரை, எந்தக் காலத்திலும் யாரிடமும் கோபப்பட்டிராத முகம். திருமலைக்குமார் லுங்கியும் முண்டா பனியனுமாக அவர் எதிரே போய் நின்றார். அந்த மனுஷன் இவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இது என் வேலை இல்லை என்பதுபோல் திரும்பி, தெருவோடு பாலத்தைப் பார்த்து நடந்தார். தெருவே எழுந்து நின்றது. விளம்பரம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதை விட்டார்கள், நகைப் பெண்கள் பாதி ஆட்டத்தில் நின்றார்கள். அந்த ஆள் நடக்கிற நடையில் ஒரு சந்தோஷம் இருந்தது, தன் வீட்டுப் பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டுப் போகிறவனுக்கு இருக்கிற சந்தோஷம்.

கேட்டில் நின்ற திருமலைக்குமார் அந்த முதுகைப் பார்த்தார். அடுப்படி ஜன்னல் வழியாக உலகம்மாள் அவரைப் பார்த்தாள். பத்தடி போனது அந்த முதுகு, இருபதடி போனது, தையல்கடை தாண்டியது. இவர் ஒரு காலை எடுத்துவைத்தார், நின்றார், அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபத்திரண்டு வயசு மனுஷன், செருப்பில்லாமல், சாரலில் வழுக்குகிற தெருவில் ஓடினார். "யோவ், நில்லும்" என்று கத்திக்கொண்டே ஓடினார். அந்த மனுஷன் நிற்கவில்லை. பாலத்தின் நடுவில் இவர் அவரைத் தாண்டி, தான் போட்ட எல்லையைத் தானே தாண்டி, அந்தக் கரையில் போய் மகள் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

‘அப்பா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க’ என்று செண்பா தட்டை நீட்டினாள்.

பின்னாலேயே ஓடிவந்த உலகம்மாள் பார்க்கும்போது அவர் தோசையைப் பிய்த்து, பொடியில் தொட்டு, வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தார். கதர் சட்டைக்காரர் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தார். திருமலைக்குமார் இடது கையால் அவர் மார்பில் ஒரு தடுப்புப் போட்டுவிட்டு, மகள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து, தெருமுழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்.

"எங்க வீட்டுப் பொண்ணு கைப்பக்குவம்னா சும்மாவா."

செண்பா சிரித்தாள். விளம்பரத்தின் கடைசியில் வருகிற அதே சிரிப்புதான், உலகம்மாள் ஐம்பது தடவை பார்த்தது. தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் நாலு எட்டு நடந்தாள். அப்புறம் ரோடும் சாரலும் மட்டும் இருந்தன. ராமலட்சுமி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த வாயையெல்லாம் தெரு ஒரேயடியாகத் திறந்து பேசத் தொடங்கியது. சொல்ல வார்த்தை இல்லாமல் போன கதர் சட்டைக்காரர் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தார், சூசை அவரைத் தார்ப்பாய்க்கு அடியில் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

திருமலைக்குமார் நின்ற இடத்திலேயே நின்று மிச்சத் தோசையையும் சாப்பிட்டார். தட்டை வழித்து விரலை நக்கினார். கண் ஊற்றிக்கொண்டிருந்தது, அது சாரல்தான் என்கிறமாதிரி வானத்தைப் பார்த்தார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, இத்தனைக்கும் பிறகும், அந்த மனுஷன் சொன்னது இதுதான்.

"பொடியில உப்பு கொஞ்சம் கூட."

உலகம்மாள் அதற்குள் இடுப்பிலிருந்து போனை எடுத்திருந்தாள். சென்னைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. "அவகிட்டயே சொல்லுங்க" என்று அவர் கையில் திணித்தாள்.

வலதுகை முழுக்க எண்ணெயும் பொடியுமாக இருந்ததால் அவர் போனை இடதுகையில் வாங்கி, காதில் தப்பாகத் தலைகீழாக வைத்து, பிறகு திருப்பி வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தாயிற்று. அம்மா, கை வலி இப்பத்தான் சட்டுன்னு விட்டுச்சும்மா என்று ஒரு குரல் சொல்வது உலகம்மாளுக்கே கேட்டது. அவர் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"அம்மா இல்ல செண்பா," என்றார். "அப்பா."